39 வாரமா, 41 வாரமா? பிரசவ வலியைத் தூண்டும் முடிவு குறித்து

பிரசவத் தேதி தள்ளிப்போனால் வலி வர மருந்து கொடுக்கலாமா, தானாக வரட்டும் என்று விடலாமா? அமெரிக்காவின் 41 மருத்துவமனைகளில் நடந்த ‘அரைவ்’ ஆய்வு 2018இல் வெளிவந்தபின் இந்த விவாதத்தின் போக்கே மாறியது. சிக்கல் எதுவுமில்லாத தலைப்பிரசவத்தில்கூட 39ஆம் வாரத்திலேயே வலியைத் தூண்டலாம் என்ற கருத்து வலுப்பெற்றது. அந்த முடிவைத் தமிழ்நாட்டுப் பிரசவ அறைகளுக்கு அப்படியே கொண்டுவரக் கூடாது என்பதும், 41 வாரம் முடிந்தபின் காத்திருக்கச் சொல்வதற்கு நியாயம் மிகக் குறைவு என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பின்னதில் சான்று தெளிவு. நாள் செல்லச் செல்ல நஞ்சுக்கொடியின் திறன் குறைகிறது, பனிக்குட நீர் வற்றுகிறது, குழந்தை வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்து அதை மூச்சில் இழுக்கும் அபாயம் கூடுகிறது. 2019இல் வெளியான சுவீடன் ஆய்வில், 42ஆம் வாரம்வரை காத்திருந்த பிரிவில் ஆறு குழந்தைகள் இறந்தன; 41ஆம் வாரத்தில் தூண்டிய பிரிவில் ஒன்றுகூட இறக்கவில்லை. ஆய்வைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்த 2020ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு, சுமார் 544 பேருக்கு வலியைத் தூண்டினால் ஒரு குழந்தையின் இறப்பைத் தவிர்க்கலாம் என்று கணிக்கிறது. தனியொரு தாய்க்கு அபாயம் சிறிதுதான். ஆனாலும் அந்த எண்ணை அவளிடம் மறைக்காமல் சொல்லவேண்டும். உலகச் சுகாதார நிறுவனமும் 41 வாரத்தையே எல்லையாக வைக்கிறது.

அரைவ் ஆய்வின் நிலை வேறு. சுமார் 6,100 பெண்களில், தூண்டிய பிரிவில் 18.6 விழுக்காட்டினருக்கும் காத்திருந்த பிரிவில் 22.2 விழுக்காட்டினருக்கும் சிசேரியன் நடந்தது. இரத்த அழுத்தக் கோளாறுகளும் தூண்டியவர்களிடம் குறைவு. குழந்தைகளின் நலனில் மட்டும் உறுதியான வேறுபாடு காணப்படவில்லை. இந்த நற்பலனுக்குத் தேதியை முன்னுக்குக் கொண்டுவந்தது மட்டும் காரணமன்று. அங்கே மாதக் கணக்கு ஸ்கேனால் உறுதியாகியிருந்தது. கர்ப்பப்பை வாய் திறக்கப் போதிய நேரம் தராமல் தூண்டல் தோற்றதாக முடிவுகட்ட வேண்டாம் என்ற நெறியும் இருந்தது. அந்தப் பொறுமையைச் சேர்க்காமல் 39 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வது ஆய்வுக்குச் செய்யும் அநீதி.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8. இத்தகைய சூழலில் காலையில் கர்ப்பப்பை வாயை மென்மையாக்கும் ஜெல் வைத்து, மாலைக்குள் ‘வாய் திறக்கவில்லை’ என்று அறுவை அரங்குக்கு அனுப்பினால், தூண்டல் என்பது சிசேரியனுக்கான முன்வாசலாகவே முடியும். நல்ல நேரம் பார்த்துக் கேட்கும் குடும்பங்களும் இந்த அவசரத்துக்குத் துணைபோகின்றன.

தேதியைவிடக் கர்ப்பப்பை வாயின் பக்குவம் முக்கியம். 1964இல் எட்வர்ட் பிஷப் வகுத்த மதிப்பெண் இன்றும் பயன்படுகிறது. வாய் எவ்வளவு விரிந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று விரலால் பார்ப்பார்கள். தொட்டால் மூக்கு நுனி போல் கெட்டியாக இருந்தால் இன்னும் பக்குவமில்லை. உதடு போல் மென்மையானால் வலியைத் தூண்டும் ஊசி எளிதில் பலிக்கும். பக்குவமில்லாத நிலையில் முதலில் கர்ப்பப்பை வாயை மருந்தாலோ பலூன் குழாயாலோ மென்மையாக்க வேண்டும். நாகபுரியில் உயர் இரத்த அழுத்தமுள்ள 602 கர்ப்பிணிகளிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் சுகப்பிரசவம் ஆனவர்கள் வாய்வழி மிசோப்ரோஸ்டால் மாத்திரை பெற்றவர்களில் 57 விழுக்காடு. ஃபோலி எனும் பலூன் குழாய் வைத்தவர்களில் 47. அந்த மாத்திரையின் அளவு 25 மைக்ரோகிராம். 200 மைக்ரோகிராம் மாத்திரையை எட்டுத் துண்டாக நறுக்கினால் அளவு சரியாக அமையாது. கூடினால் கருப்பை ஓய்வின்றிச் சுருங்கிக் குழந்தை மூச்சுத் திணறும். முன்பு சிசேரியன் ஆனவருக்கு இந்த மருந்தே கூடாது. பழைய தையல் விட்டுப்போகலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், கணக்கு சரியாக இருக்கவேண்டும். கடைசி மாதவிலக்குத் தேதியை நினைவிலிருந்து சொன்ன ஒருவரின் ‘41 வாரம்’ உண்மையில் 39ஆக இருக்கலாம். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் இல்லாதபோது இரு தரப்பு வாதமும் வலுவிழக்கிறது.

ஆகவே, இரத்த அழுத்தமோ சர்க்கரையோ வேறு சிக்கலோ இல்லாத கர்ப்பிணிக்கு, 39ஆம் வாரத் தூண்டலை வழக்கமாக்க வேண்டாம். 41 முடிந்ததும் அதை வெளிப்படையாக முன்வைத்து, அவளது ஒப்புதலைப் பெறவேண்டும். தூண்டல் தோற்றது என்று எழுதுமுன், பனிக்குடம் உடைத்து வலி ஊசி ஏற்றியபின் தாயும் சேயும் நலமாயிருக்கும்வரை குறைந்தது 12 மணி நேரம் பார்ப்பதை ஒவ்வொரு மருத்துவமனையும் எழுத்து விதியாக்க வேண்டும்.