அரணியில் எழுந்த அழல்

திருக்கோயிற் குடமுழுக்கு விழாவிற்கு வேள்விச்சாலையே உயிர்நிலை; அவ்வேள்விச்சாலைக்கு உயிராவது அக்கினி. அவ்வக்கினியைத் தோற்றுவித்துக் குண்டத்தில் எழுந்தருளச் செய்யும் கிரியைக்கு அக்கினி சங்கிரகணம் என்று பெயர். கதிரவன் ஒளியைச் சூரியகாந்தக் கல்லில் ஏற்றுத் தீப் பெறுதல் ஒரு முறை. அரணிக் கட்டையைக் கடைந்து பெறுதல் மற்றொரு முறை. இவ்விரண்டனுள் மனிதனின் கைம்முயற்சி முற்றும் வேண்டப்படுவது அரணி கடைதலே.

அரணி இரு பகுதிகளை உடையது. கீழே கிடப்பது அதராரணி. மேலே நின்று சுழல்வது உத்தராரணி. வன்னியோடு பின்னி வளர்ந்த அரச மரத்தின் கிளையினின்று இவற்றைச் செய்துகொள்ளுதல் மிகச் சிறந்தது என்பர். வன்னி என்னும் சொல்லே நெருப்பையும் குறிப்பது இங்கு நினைக்கத் தக்கது. மேலரணியினின்று எடுத்த சிறு துண்டைக் கடைகோலின் அடியிற் பொருத்தி, அதனைக் கீழரணியின் குழியில் நிறுத்துவர். ஒருவர் கோலின் தலையை மற்றொரு கட்டையால் அழுத்திப் பிடிக்க, மற்றொருவர் அதிற் சுற்றிய கயிற்றைத் தயிர் கடைவது போல மாறி மாறி இழுப்பர். உராய்வினால் மரம் தேய்ந்து நுண்டூளாகும், அத்தூள் கருகும், புகை எழும், பின் தூளினுள்ளே ஒரு செம்பொறி கண் விழிக்கும். அதனைப் பஞ்சிலோ உலர்ந்த தேங்காய் நாரிலோ ஏந்தி மெல்ல ஊதினால் சுடர் பிறக்கும்.

இதற்குக் கட்டை நன்கு உலர்ந்திருத்தல் வேண்டும். ஈரக் கட்டையாயின், பிறந்த வெப்பமெல்லாம் அவ்வீரத்தைப் போக்குவதிலேயே கழிந்துவிடும். இடையிற் கை ஓய்ந்தாலும், திரண்ட வெப்பம் காற்றிற் கலந்துவிடும். மீண்டும் முதலிலிருந்தே தொடங்க வேண்டும்.

இக்கலை வேள்வியாளர்க்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. தமிழர் தீக்கடைகோலை ஞெலிகோல் என்றனர். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், ஆநிரை மேய்க்கும் இடையன் ஞெலிகோலால் தீ உண்டாக்கி, அத்தீயினால் குழலுக்குத் துளையிடும் காட்சி வருகின்றது. புறநானூற்று 315-ஆம் பாடலில் ஔவையார், அதியமான் நெடுமான் அஞ்சிக்கு வீட்டின் இறப்பிற் செருகிய ஞெலிகோலை உவமையாக்கினார். தோன்றாதிருக்கவும் வல்லது, வேண்டும்போது தீயாய்த் தோன்றவும் வல்லது என்பது அவ்வுவமையின் கருத்து. எனவே தொண்டை நாட்டின் முல்லை நிலத்திலும், நான்மறையாளர் இல்லத்திலும் இத்தீ ஒருங்கே பிறந்தது.

அத்தொண்டை நாட்டில், பல்லவர் காலத்திலேயே சிறந்து விளங்கிய மறையவர் ஊர் உத்திரமேரூர்ச் சதுர்வேதிமங்கலம். வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுக்கள் பொறிக்கப்பெற்றுள்ளன. முப்பது குடும்புகளிலும் குடவோலையால் வாரியப் பெருமக்களைத் தேர்ந்த முறையை அவை கூறுகின்றன. 921-ஆம் ஆண்டு விதிப்படி, தேர்வுக்குரியவர் முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்கு உட்பட்ட வயதினராய், வேதம் வல்லவராய், அறவழியில் ஈட்டிய பொருளுடையவராய் இருத்தல் வேண்டும். முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும் விலக்கப்பட்டனர். வேதம் வல்லோர் நிறைந்த ஊரில் வேள்வித்தீயும் அரணியும் இல்லாதிருத்தல் இயலாது என்பது உய்த்துணரத் தக்கது.

வேள்வித்தீ வளர்ப்போன் ஆகிதாக்கினி எனப்படுவான். அவன் வெளியூர் செல்லுங்கால், அரணிகளைத் தன் தீயிற் காய்ச்சி, அக்கினியை அவற்றுள் ஒடுக்கிக்கொண்டு செல்வான். சேர்ந்த இடத்தில் கடைந்து மீண்டும் எழுப்புவான். அவன் இறந்தபின் அவனுடைய அரணிகளும் அவனுடலோடு எரியிலிடப்படும். வாழ்நாள் முழுதும் துணை நின்ற கருவி இறுதியிலும் பிரிவதில்லை.

1920-களில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தோன்றிப் பெருகியது. நொடியிற் கிடைக்கும் தீ வந்தபின், இடையனின் ஞெலிகோல் மறைந்தது. அரணி கடைவாரும் அருகினர். கேரளத்துப் பாஞ்ஞாளில் 1975-ஆம் ஆண்டு நிகழ்ந்த அதிராத்திரப் பெருவேள்வியில் அரணியிற் கடைந்த தீயே பயன்பட்டது. உலகின் பல திசை அறிஞரும் அதனைக் கண்டு வியந்தனர். மரபு முற்றும் அற்றுவிடவில்லை என்பதற்கு அது சான்று. ஆயினும் மரம் இன்றி அரணி இல்லை. பழகிய கை இன்றிக் கடைதல் இல்லை. வேள்விச்சாலைக்குப் பொன்னும் பொருளும் வழங்கும் அன்பர்கள், கோயில் நந்தவனத்தில் ஒரு வன்னியும் ஓர் அரசும் நட்டு வளர்ப்பராயின், அடுத்த குடமுழுக்குக்கு உரிய தீயை இன்றே வைத்தவர் ஆவர். அக்கடைதலை இளைஞர்க்குப் பயிற்றும் பெரியோரை ஆதரித்தலும் அத்தகைய திருப்பணியே.

தன் உடலைக் கீழரணியாகவும் பிரணவத்தை மேலரணியாகவும் கொண்டு தியானத்தாற் கடைந்து இறைவனைக் காண்க என்று சுவேதாசுவதர உபநிடதம் பணிக்கின்றது. விறகினுள் தீயைப் போலவும் பாலினுள் நெய்யைப் போலவும் இறைவன் மறைந்து நிற்பதை அப்பர் பெருமான் பாடியருளினார். பிரமன் செய்த வேள்வித்தீயினின்றே காஞ்சி வரதராசப் பெருமான் தோன்றினான் என்பது தலபுராணம். மறைந்திருப்பது இல்லாதது அன்று, கடையாதது மட்டுமே.

திருப்பணியும் அவ்வாறே. உலர்ந்த கட்டையைப் போலத் தூய நெஞ்சும், அழுத்திப் பிடிப்போரும் கயிறு இழுப்போரும் ஒத்து உழைக்கும் ஒற்றுமையும், பொறி தோன்றும்வரை ஓயாத கையும், கணக்கிற் பிழையாத நேர்மையும் கூடிய இடத்தில் இறையருள் சுடர்விட்டு எழும். அவ்வருட்சுடர் எல்லார் உள்ளத்தும் நின்று நிலவுக!