நடுவில் இருப்பவனுக்குத்தான் தலைவலி

1971, ஜூன். ஹவாய் தீவுகள். நடுவில் கடல். டெலிபோன் லைனுக்குச் செலவு ஜாஸ்தி, தரமோ சுமார்தான். ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் கோஷ்டி, ரேடியோ வழியாகக் கம்ப்யூட்டரோடு பேச வழி செய்தது. பெயர் அலோஹாநெட்.

விதி ரொம்ப சிம்பிள். தோன்றும்போது பேசு. 'வந்து சேர்ந்தது' என்று மையத்திலிருந்து பதில் வரவில்லையா? வேறு யாரோ அதே நேரத்தில் பேசி, இரண்டும் மோதிவிட்டதாக வைத்துக்கொள். கொஞ்சம் பொறுத்து மறுபடி அனுப்பு. எவ்வளவு பொறுப்பது? குத்துமதிப்பாக, ஆளுக்கு ஒரு அளவு. எல்லாரும் ஒரே அளவு பொறுத்தால் மறுபடி முட்டிக்கொள்வார்களே!

இப்படிப் பேசினால் அலைவரிசையின் கொள்ளளவில் அதிகபட்சம் 18 சதவீதம்தான் உருப்படியாகப் பயன்படும். சரி, வாயைத் திறக்குமுன் காதைத் தீட்டிக்கொள், வேறு யாரும் பேசவில்லை என்றால் பேசு என்றார்கள். நல்ல யோசனைதான். ஆனால், 1975-ல் ஃபவாத் தொபாகியும் லெனார்ட் க்ளைன்ராக்கும் அதிலிருந்த ஓட்டையை அலசிக் காட்டினார்கள்.

மலைக்கு இந்தப் பக்கம் ராமு, அந்தப் பக்கம் சோமு, உச்சியில் கோபு. ராமு காதைத் தீட்டிக் கேட்கிறான். நிசப்தம். சோமுவுக்கும் நிசப்தம். இருவரும் கோபுவிடம் பேசுகிறார்கள். கோபு காதில் வெறும் இரைச்சல்! பேசியவர்கள் மேல் தப்பே இல்லை. மோதல் நடந்தது கேட்பவன் காதில். இதற்குப் பெயர் மறைந்த முனையச் சிக்கல்.

வீட்டுக்கு வீடு தாவிச் செல்லும் மெஷ் நெட்வொர்க்கில் நடுவில் நிற்கும் எல்லாருமே கோபுதான். 1990-ல் ஃபில் கார்ன் ஒரு வைத்தியம் சொன்னார். ராமு முதலில் 'பேசட்டுமா?' என்று சின்னதாகக் கேட்கவேண்டும். கோபு 'பேசு' என்பான். அது சோமு காதிலும் விழும். அவன் வாயை மூடிக்கொள்வான். 1997-ல் வந்த முதல் வை-ஃபை தரவிதியிலும் இந்த ஏற்பாடு உண்டு.

அப்படியானால் தகவல் தொலைந்தாலே மோதல்தானா? அமெரிக்காவில் எம்.ஐ.டி.காரர்கள் கேம்பிரிட்ஜ் நகர மொட்டைமாடிகளில் 38 முனையங்களை வைத்து ஒரு மெஷ் நடத்தினார்கள். தகவல்கள் ஏராளமாகத் தொலைந்தன. 2004-ல் ஆராய்ந்து சொன்னார்கள்: முக்கியக் குற்றவாளி அநேகமாக மோதல் இல்லை. கட்டடங்களில் பட்டுத் திரும்பி, சற்றுத் தாமதமாக வந்து சேரும் அதே அலையின் எதிரொலி. அதனிடம் போய் 'பேசட்டுமா?' என்று கேட்டு என்ன பயன்?

தொலைந்த தகவல் தன் மரணத்துக்குக் காரணம் எழுதிவைத்துவிட்டுப் போவதில்லை. நாம்தான் துப்பறியவேண்டும். சோமுவை ஐந்து நிமிஷம் சும்மா இருக்கச் சொல்லுங்கள். ராமுவின் பேச்சு சுத்தமாகப் போய்ச் சேர்ந்தால், மோதல். அப்போதும் தொலைகிறதா? சோமுவை விட்டுவிடுங்கள், பாவம். எதிர்ச் சுவரைப் பாருங்கள்.