மெனுவில் இல்லாதது உணவில் இல்லையா? முகவர்களுக்கான துரித உணவுத் தேடலை மதிப்பிடும் முறை குறித்து

துரித உணவகங்களின் மெனுவைத் தேடித் தரும் கருவிகளை மனிதர்கள் மட்டுமன்றிச் செயற்கை நுண்ணறிவு முகவர்களும் இப்போது பயன்படுத்துகின்றன. ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் போன்ற நெறிமுறைகள் இத்தகைய கருவிகளை மொழி மாதிரிகளோடு இணைப்பதை எளிதாக்கிவிட்டன. இக்கருவிகளை நூலகத் தேடலுக்கு வகுத்த அளவுகோலால் அளந்தால் போதாது. 'இல்லை' என்பதையும் 'தெரியாது' என்பதையும் கருவி பிரித்துச் சொல்கிறதா என்பதையே முதலில் சோதிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தேடலை மதிப்பிடும் வழக்கமான முறை 1960களில் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் சிரில் கிளெவர்டன் நடத்திய சோதனைகளில் உருப்பெற்றது. கிடைத்த ஆவணங்களில் எத்தனை பொருத்தமானவை என்பது துல்லியம். பொருத்தமானவற்றில் எத்தனை கிடைத்தன என்பது மீட்பு. 1992இல் தொடங்கிய டிரெக் என்னும் தேடல் மதிப்பீட்டு மாநாடுகள் இம்முறையைப் பெரிய தொகுப்புகளுக்கு விரித்தன. பட்டியலைப் படித்து, வேண்டாததைத் தள்ளும் ஒரு வாசகர் இறுதியில் இருக்கிறார் என்பது இம்முறையின் அடிப்படை எடுகோள். முகவரோ கிடைத்ததைக் கொண்டு ஆர்டரே செய்துவிடக்கூடும்.

பொருத்தத்தை மட்டும் அளப்பதன் விளைவை மெக்டொனால்ட்ஸ் பிரெஞ்சு ஃப்ரை வழக்கில் காணலாம். அந்நிறுவனம் 1990இல் அமெரிக்காவில் மாட்டுக்கொழுப்பைக் கைவிட்டுத் தாவர எண்ணெய்க்கு மாறியதாக அறிவித்தது. ஆனால் உருளைக்கிழங்கில் மாட்டிறைச்சிச் சாரம் கொண்ட சுவையூட்டி தொடர்ந்து சேர்க்கப்பட்டது. இதை எதிர்த்து 2001இல் சியாட்டிலில் வழக்குத் தொடரப்பட்டது. 2002இல் நிறுவனம் மன்னிப்புக் கோரி, இந்து, சைவ உணவு அமைப்புகள் உள்ளிட்டவற்றுக்கு 1 கோடி டாலர் வழங்க உடன்பட்டது. 'சைவ ஃப்ரை' என்ற வினாவுக்கு 'தாவர எண்ணெயில் பொரித்தது' என்ற வரியை ஒரு கருவி எடுத்துத் தந்தால், பொருத்த அளவுகோலில் அதற்கு முழு மதிப்பெண் கிடைக்கும். அந்த வரியிலும் பொய் இல்லை. ஆயினும் அதை நம்பி எடுத்த முடிவு தவறாகும். இந்தியாவில் அதே நிறுவனம் விற்கும் ஃப்ரையில் மாட்டிறைச்சிச் சாரம் கிடையாது. ஆக, எந்த நாட்டுக் கிளை என்பதும் விடையின் பகுதியே.

சிக்கலின் வேர் தரவில் உள்ளது. தரவுத்தளத்தில் பதிவாகாததைப் பொய் எனக் கொள்ளும் மரபை 1978இல் ரேமண்ட் ரைட்டர் 'மூடிய உலக' எடுகோள் என வரையறுத்தார். விமான அட்டவணைக்கு அது பொருந்தும்; அட்டவணையில் இல்லாத விமானம் பறக்காது. மெனுவுக்கு அது பொருந்தாது. அமெரிக்காவில் 20 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் கொண்ட உணவகத் தொடர்கள் 2018 மே முதல் கலோரி அளவை மெனுவிலேயே காட்ட வேண்டும். ஒவ்வாமைப் பொருள்களுக்கான 2004ஆம் ஆண்டுச் சட்டமும், 2023 முதல் எள்ளை ஒன்பதாவதாகச் சேர்த்த திருத்தமும் முக்கியமாகப் பொதியிட்ட உணவுகளையே கட்டுப்படுத்துகின்றன. எனவே கலோரிக் கட்டம் நிரம்பியும் எள் கட்டம் வெறுமையாகவும் இருக்கக்கூடும். அவ்வெறுமையை 'எள் இல்லை' என்று கருவி திருப்பித் தந்தால், சட்டம் விட்ட இடைவெளி உணவின் பண்பாக மாறிவிடுகிறது.

ஆகவே மதிப்பீட்டின் அலகு ஆவணமாக இன்றி ஒவ்வொரு கூற்றுமாக இருக்க வேண்டும். கூற்றுக்கு 'உண்டு', 'இல்லை', 'தெரியாது' என மூன்று நிலைகள் வேண்டும். அது எந்தக் கிளைக்கு, எந்தத் தேதியில் பொருந்தும் என்பதும் உடன் வர வேண்டும். பிழைகளுக்குச் சம எடை தரலாகாது. விலையில் சிறு பிழை பணத்தோடு போகும். எள் இல்லை என்ற பொய் உயிருக்கே ஆபத்தாகலாம். மேலும், ஒருமுறை சரியாக ஆர்டர் செய்வது போதாது. 2024இல் வெளியான டௌ-பெஞ்ச் என்னும் முகவர் மதிப்பீட்டுச் சோதனை, உரையாடல் முடிந்தபின் தரவுத்தளம் எந்நிலையில் உள்ளது என்று பார்த்ததோடு, ஒரே பணியைப் பலமுறை கொடுத்து, எல்லா முறையும் முகவர் வெல்கிறதா என்றும் அளந்தது. மெனுத் தேடலுக்கும் இந்த அளவே தகும்.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். எதற்கும் 'தெரியாது' என்னும் கருவி பாதுகாப்பானது, ஆனால் பயனற்றது என்பது ஒன்று. அது சரியே, அதனால்தான் தரவில் விடை இருந்தும் 'தெரியாது' என்றதைத் தனிப் பிழையாக எண்ண வேண்டும். தீர்ப்புக் கூறுவது முகவரின் பொறுப்பு, தேடுவது மட்டுமே கருவியின் வேலை என்பது மற்றொன்று. ஆனால் வெற்றுக் கட்டத்தைக் கருவி 'இல்லை' என மாற்றிய பின், அது வெறுமையாக இருந்தது என்பதை அறிய முகவருக்கு வழியில்லை. எத்தனை திறமையான மாதிரியாலும் அழிந்த வேறுபாட்டை மீட்க இயலாது. கருவியைத் தனியே மதிப்பிட வேண்டியதன் காரணமும் அதுவே.