விழுப்புரத்தில் பிரிந்த இரு வழிகள்

திருவண்ணாமலையில் அரசு கலைக் கல்லூரி தோன்றியது 1966ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் பள்ளியிறுதித் தேர்வில் தேறிய எங்களூர் மாணவன் மேற்படிப்பை நாடினால் ஊரைவிட்டுப் புறப்பட்டேயாக வேண்டும். வேலூருக்குச் சென்று ஊரிசுக் கல்லூரியில் சேர்ந்தாலும் அவன் பெறுவது சென்னைப் பல்கலைக்கழகத்துப் பட்டமே. மற்றொரு வழி, புகைவண்டியேறி விழுப்புரம் சந்திப்பில் இறங்குவது. அங்கிருந்து வடக்கே சென்றால் சென்னை. தெற்கே கடலூரைக் கடந்து சென்றால் சிதம்பரம்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நம் மலையின் பெயரால் அமைந்தது என்றே எங்களூர்ப் பெற்றோர் சிலர் கருதினர். நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் இதனைப் பலமுறை திருத்தியதுண்டு. அதனை நிறுவியவர் செட்டிநாட்டரசர் அண்ணாமலைச் செட்டியார். அவருக்கு அப்பெயர் வந்தது எங்கள் இறைவனால்தானே என்று ஒருவர் வாதிட்டபோது, மறுத்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு அமைக்கப்பட்டது. நெடுங்காலம் அதன் தலையாய வேலை தேர்வு நடத்துதலும் பட்டம் வழங்குதலுமே. பாடம் சொன்னவை ஆங்காங்கிருந்த கல்லூரிகள். அதற்கெனத் தனி ஆராய்ச்சித் துறைகள் தோன்றியது இருபதாம் நூற்றாண்டில். சிதம்பரத்தின் கதை வேறு. செட்டியார் 1920இல் அங்கு மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார்; பின்னர் தமிழ்க் கல்லூரியும் வந்தது. அதற்கு 1924 முதல் 1927 வரை முதல்வராக இருந்தவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். இக்கல்லூரிகளோடு இருபது இலட்சம் ரூபாயையும் செட்டியார் வழங்க, 1929இல் பல்கலைக்கழகம் பிறந்தது. ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் வாழ்ந்து கற்பதே அதன் அமைப்பு. விடுதிச் செலவுக்கு வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இந்த மேன்மையே ஒரு தடையுமாயிற்று.

இவ்விரண்டுள் எது பெரிது என்ற வழக்கு அன்று தீரவில்லை. நான் வரலாறு கற்பித்தவன். ஆதலின் என் பாடத்தை வைத்தே அதனை நோக்குகிறேன்.

எங்கள் கோயில் மதில்களிலே சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றைக் கண்டு வளர்ந்த மாணவன் சோழர் வரலாற்றை எங்கே கற்பது? நீலகண்ட சாஸ்திரியார் முதலில் சிதம்பரத்துக் கல்லூரியில் முதல்வராக இருந்தவர். 1929இல் சென்னைப் பல்கலைக்கழகத்து வரலாற்றுப் பேராசிரியரானார். அவர் ஆங்கிலத்தில் எழுதிய ‘சோழர்கள்’ என்னும் பெருநூலைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1935இலும் 1937இலும் இரு தொகுதிகளாக வெளியிட்டது. உலகத்து அறிஞர்கள் சோழரை அறிந்தது பெரிதும் அந்நூலின் வாயிலாகவே.

தி. வை. சதாசிவ பண்டாரத்தாரோ கும்பகோணத்தில் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு பள்ளித் தமிழாசிரியராக இருந்தவர். பள்ளியாசிரியன் என்ற முறையில் இதனைச் சொல்லும்போது எனக்குச் சற்றுப் பெருமிதம் உண்டு. 1942இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரை ஆராய்ச்சிப் பணிக்கு அழைத்துக்கொண்டது. அவருடைய ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ அங்கிருந்து தமிழிலே வெளிவந்தது.

இருவரும் முரண்பட்ட இடம் ஒன்றுண்டு. ஆதித்த கரிகாலன் கொலையில் உத்தம சோழனுக்குப் பங்கிருந்தது என்று சாஸ்திரியார் கருதினார். பண்டாரத்தார் அதனை ஏற்கவில்லை. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டில் துரோகிகளாகக் குறிக்கப்பெற்றவர் வேறு சிலர். அவர்களுள் அரசாங்க அலுவலரும் இருந்தனர். அக்கல்வெட்டு இருக்கும் ஊரும் சிதம்பரத்திற்கு அண்மையதே. எவர் கூற்று சரியென்பது இன்றும் வாதத்திற்குரியது. எனினும் தமிழ் மட்டும் அறிந்த ஒருவன் இவ்வழக்கிலே புகுந்து தன் கருத்தைச் சொல்ல இடமளித்தது தமிழிலே எழுதப்பெற்ற நூல். இதனாலேயே வரலாற்றை விரும்பிய மாணவர் என்னிடம் வந்தபோது, வசதி இடந்தருமாயின் தெற்கு வண்டியில் ஏறுக என்று சொல்லி வந்தேன். சென்னையைத் தாழ்த்துவது என் கருத்தன்று. 1924 முதல் வெளிவந்த தமிழ்ப் பேரகராதி சென்னைப் பல்கலைக்கழகத்தின் கொடை. அதனைத் தொடாமல் சிதம்பரத்துப் பேராசிரியரும் பாடம் நடத்தியிரார்.

பின்னர் நிலைமைகள் மாறின. 2002இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் அமைந்தபின் எங்களூர்க் கல்லூரி அதனோடு இணைந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013இல் அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 2021இல் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்லூரிகளை அதனோடு இணைக்க ஏற்பாடாயிற்று. ஒரே வளாகத்தில் கூடி வாழ்ந்து கற்பதற்கென்று பிறந்த பல்கலைக்கழகம், சென்னையைப் போலவே, தான் காணாத மாணவர்க்கும் தேர்வு நடத்தும் நிலைக்கு வந்தது. விழுப்புரத்து மாணவன் அதன் பட்டத்தைப் பெற இனி வண்டியேற வேண்டியதில்லை.