காகிதப் பேயும் ஹூடினியும்

அமெரிக்காவில் அக்டோபர் 31 என்றால் ஹாலோவீன். வாண்டுகள் காகிதத்தை மடித்து வௌவால், பூனை, பேய் என்று செய்து ஜன்னலில் ஒட்டுவார்கள். காகித மடிப்பு, ஹாலோவீன் இரண்டோடும் சம்பந்தப்பட்ட ஒரு ஆசாமி உண்டு, தெரியுமா? ஹாரி ஹூடினி!

ஆமாம், கைவிலங்கு, பூட்டிய பெட்டி எதிலிருந்தும் தப்பித்து வருவாரே... அவரேதான். 1922-ல் அவர் காகித வித்தைகளுக்கென்றே ஒரு புத்தகம் போட்டார். கிழிப்பது, மடிப்பது எல்லாம் அதில் உண்டு. 'இது தந்திரம்' என்று சொல்லிவிட்டுச் செய்வதுதான் ஹூடினிக்குப் பிடிக்கும். 1913-ல் அம்மா இறந்தபோது உடைந்தே போனவர் அவர். அப்படிப்பட்ட துக்கத்தை வைத்து, 'ஆவியோடு பேச வைக்கிறோம்' என்று காசு பார்த்தவர்களை விடுவாரா? அவர்களுடைய தில்லுமுல்லுகளை மேடையிலேயே போட்டு உடைத்தார்.

1926-ல் ஹாலோவீன் அன்றே, டெட்ராய்ட்டில் குடல்வால் வெடித்ததன் விளைவாக இறந்தார் ஹூடினி. 'முடிந்தால் வந்து பேசுகிறேன்' என்று மனைவி பெஸ்ஸிடம் ஒரு ரகசிய வாக்கியமும் சொல்லி வைத்திருந்தார். பத்து வருடம் காத்திருந்தார் அந்த அம்மாள். 1936 ஹாலோவீன் இரவு, ஹாலிவுட் ஹோட்டல் ஒன்றின் மொட்டை மாடியில் கடைசி முயற்சி. ஊஹூம், யாரும் வரவில்லை. கணவர் படத்தருகே எரிந்த விளக்கை அணைத்தார் பெஸ்.

குழந்தைகளோடு காகிதப் பேய் மடிக்கும்போது, கடைசியில் அதைப் பிரித்தும் காட்டுங்கள். உள்ளே இருப்பது வெறும் தாள்தான்!