நாயனமும் நம் செவிகளும்

சேரன்மாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் இடையே, பொருநை வளப்படுத்தும் சிற்றூர் காருகுறிச்சி. மண்பாண்டத் தொழிலால் அறியப்பட்ட அவ்வூரின் பெயரை நாதசுரத்தால் தமிழகமெங்கும் ஒலிக்கச் செய்தவர், 1921-இல் பிறந்த அருணாசலம். திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் உள்ளத்தைப் பறிகொடுத்து, அவருக்கே மாணவராகி, அவரோடு அமர்ந்து ஊதும் பேறு பெற்றவர் அவர். நாயனக்காரர் மேடையில் அமர்வது இன்று வியப்பன்று. மேலாடையின்றி, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, நின்றும் நடந்தும் ஊதிய காலம் ஒன்றிருந்தது. அவ்வழக்கத்தை மீறித் தலைநிமிர்ந்தவர் இராசரத்தினம் பிள்ளை. இதை நம் இளைஞர்கள் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

அருணாசலம் பின்னர்க் கோவில்பட்டியில் குடியேறினார். அருகிலுள்ள இடைசெவலில் 1923-இல் பிறந்த இருவர், கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும், இசைப்பித்தர்கள். கதை எழுதிப் புகழ்பெற்ற இவ்விருவரும் இராகங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பொழுது போவதறியார். கி.ரா.வுக்கும் அருணாசலத்துக்கும் ஏற்பட்டது வெறும் ரசிகப் பழக்கமன்று, நட்பு. இவர்கள் அனைவரும் போற்றிய மற்றொருவர் விளாத்திகுளம் சுவாமிகள். இராக ஆலாபனையே அவரது உயிர்மூச்சு. அவர் பாடும்போது, ஊரே கொண்டாடிய அருணாசலமும் ஒரு ரசிகரே. வித்துவான் என்ற மிடுக்கு அங்கே செல்லாது.

அந்நாளில் நம்மவர் எங்கே இருந்தனர்? கோவில் நுழைவு பற்றிய சட்டங்கள் 1939-இலும் 1947-இலும் வந்தன. அதற்கு முன்பும், ஏட்டில் சட்டம் ஏறிய பின் பல்லாண்டுகளும், தேரோடும் வீதிக்கு அப்பால், வயல் வரப்பில் நின்று கேட்டவர்களே நம் பாட்டன்மார். காற்றுக்குத் தீட்டு இல்லையாதலால் நாயனம் அவர்களிடமும் வந்தது. பின்னர் ஒலிபெருக்கி வந்தது. 1963-இல் திருநெல்வேலிக்கே வானொலி நிலையம் வந்தது. அதற்கு முந்திய ஆண்டு ‘கொஞ்சும் சலங்கை’ திரைப்படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அருணாசலத்தின் நாயனம் இழைந்தபோது, கொட்டகையின் மணல்தரையில் அமர்ந்து கேட்டவருள் நம்மவரும் இருந்தனர். கேட்கக் கிடைத்தது மெய்யே. ஆனால் கேட்பது வேறு, கலைஞரின் அருகே அமர்ந்து, “ஐயா, அது என்ன இராகம்?” என்று வினவுவது வேறு. இடைசெவலின் நண்பர்களுக்கு எளிதாய்க் கிட்டிய அந்த ஒரு கேள்வி, நம் பாட்டன்மாருக்குக் கிட்டவில்லை.

மறுபுறத்தையும் சொல்லியாக வேண்டும். நம்மிடையேயும் கலைஞர் இருந்தனர். அவர்தம் பறையடிக்கு ஊரே கால் மாற்றி ஆடிற்று. ஆட்டம் ஓய்ந்ததும் அவர்க்கு இலை தனியே விழுந்தது. கூலி தொலைவிலிருந்து நீட்டப்பட்டது. ரசித்தவர் பலர், உடன் அமர்ந்து உண்டவர் எவர்? மதுரை மாவட்டத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்ட செய்தி கேட்டு நம் முதியவர் சிலர் கண்கலங்கியதன் காரணம் இதுவே.

அருணாசலம் 1964-இல், நடுவயதிலேயே மறைந்தார். கோவில்பட்டியில் அவருக்குச் சிலை உண்டு. அது தக்க சிறப்பே. இம்மலருக்கென நம் தெருக்களில் வாழ்ந்து மறைந்த பறைக் கலைஞர்களின் படங்களைத் தேடினோம். பலருக்கு ஒரு நிழற்படமும் கிடைக்கவில்லை. அவர்தம் அடிகளை நினைவிலிருந்து தட்டிக்காட்டும் முதியவர்கள் இன்னும் சிலர் உள்ளனர். அவர்களிடம் கேட்டு எழுதும் பணியை நம் மாணவர் இருவர் தொடங்கியுள்ளனர்.