லயத்த இடிக்கலாம், கதைய?

பால்டிக் கடல் பக்கம், போலந்துல மால்போர்க்னு ஒரு செங்கல் கோட்டை இருக்கு. 13ஆம் நூற்றாண்டில் அதைக் கட்டத் தொடங்கியவர்கள் ஜெர்மானியப் போர்வீரத் துறவிகள். பிறகு போலந்தோடு பலமுறை மோதியவர்களும் அவர்கள்தான். 1945இல், இரண்டாம் உலகப்போரின் கடைசியில், கோட்டையின் பாதிக்கு மேல் நாசமானது. 'எதிரி கட்டினதுதானே' என்று போலந்து அதை விட்டுவிடவில்லை. பல வருஷமாகத் திருத்திக் கட்டியது. 1997இல் அது உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

மலையகத்துல இருந்து இதைப் பார்த்தா ஒரு கேள்வி வருது. நம்மை அடக்கி வைத்தவர்கள் கட்டியதை நாம் பாதுகாக்கணுமா?

நம்ம பக்கமும் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிறார்கள். கந்தப்பளையில் பழைய தேயிலை ஃபெக்டரி 1996இல் ஹோட்டலானது. கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டிய ஃபெக்டரி இப்போ தேயிலை அருங்காட்சியகம். தொரை பங்களாக்களில் சுற்றுலாப் பயணிகள் தங்குகிறார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட கதை பாடப்புத்தகம் வரை வந்துவிட்டது. அந்த 19 ஏக்கரில் மண்வெட்டி பிடித்தவர்களின் பெயர் எங்கே?

அவங்க வாழ்ந்தது லயத்துல. 10க்கு 12 அடி காம்பிரா, முன்னால ஒரு இஸ்தோப்பு. அதுக்குள்ளதான் அடுப்பு, பிள்ளைப்பேறு, சாவு எல்லாம். 1948இல் குடியுரிமை பறிபோன செய்தி வந்ததும் அந்த வாசலுக்குத்தான்.

லயம் இடியட்டும். அதுல இன்னும் ஒரு தலைமுறை வாழ வேண்டாம். 7 பேர்ச் காணியும் தனி வீடும் சலுகை இல்ல, உரிமை. ஆனா லயத்தோட சேர்ந்து அதன் கதையும் மண்ணோட போனால், நாளைக்கு மிஞ்சுவது தொரைமார் வரலாறு மட்டும்தான்.

இதை உணர்ந்து கண்டியில் இயங்கும் சமூக அபிவிருத்தி நிறுவகம், 2007இல் கம்பளைப் பக்கம் ஒரு தோட்டத்தில், பழைய லயக் காம்பிராக்களிலேயே தொழிலாளர் அருங்காட்சியகம் அமைத்தது. கொழுந்துக் கூடை, கவ்வாத்துக் கத்தி, வீட்டுச் சாமான், பழைய ஆவணங்கள் என்று நம்ம ஆட்கள் புழங்கியவை அங்கே இருக்கு.

ஒவ்வொரு தோட்டத்துக்கும் அருங்காட்சியகம் கட்ட முடியாது. ஆனா உங்க லயம் இடிபடும் முன் அளந்து வரையலாம், படம் எடுக்கலாம். எந்தக் காம்பிராவில் யார் இருந்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று அப்பாயிகிட்ட கேட்டு ஃபோன்ல பதியலாம். ட்ரங்குப் பெட்டியில் கிடக்கிற பழைய பத்துச்சீட்டை எரிக்காமல் வைக்கலாம்.

கோட்டையைக் காக்க ஒரு அரசாங்கம் இருந்தது. லயத்தின் கதைக்கு நாமதான் இருக்கோம்.